உதவி தேவை: மாடி கேமரா படம் வயரில் நல்லா ஓடுது, வைஃபையில் உடையுது

கோடநாடு_ரோடு:
வணக்கமுங்க. கோத்தகிரியிலிருந்து கோடநாடு போற வழியில் பழைய பங்களா ஒண்ணை ஆறு ரூம் ஹோம்ஸ்டேயா நடத்துறோம். மொட்டை மாடியில் ஒரு ஐபி கேமரா. பள்ளத்தாக்கில் பனி விலகிடுச்சான்னு விருந்தினருங்க ரூம் டிவியிலேயே பாத்துட்டுக் கிளம்பலாம். கேமரா 4 எம்பிபிஎஸ், மல்டிகாஸ்ட் (ஒரே ஓட்டத்தைப் பாக்குற எல்லாருக்கும் பொதுவா அனுப்புறது), 239-ல் தொடங்குற முகவரி.

ரிசப்ஷன் டிவி வயரில் இருக்கு, கண்ணாடி மாதிரி ஓடுது. ரூம் டிவி பாக்ஸ் எல்லாம் வைஃபை. அதுல பச்சைக் கட்டமா உடையுது. (படம் வெள்ளையா இருந்தா அது பனி, அது எனக்கே தெரியும்.) இன்னொரு கூத்து: எல்லா ரூம் டிவியும் அணைச்சிருந்தாலும் வாட்ஸ்அப் கால் இழுக்குதுன்னு புகார். ரூம் காலியா இருக்கும்போது சோதிச்சா கொஞ்சம் பரவாயில்லை.

மலைக்காத்து:
பனி, ஒன்றரை அடி கல் சுவர். சிக்னல் எப்படி வரும்? அக்சஸ் பாயின்ட் (வைஃபை தர்ற பெட்டி) ரெண்டு கூட மாட்டுங்க.

வயர்மேன்_குன்னூர்:
சுவர் சரி, பனியை விடுங்க. ரூம் தூரத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது. அவசரப்பட்டுக் காசு போடாதீங்க.

வைஃபையில் ஒருத்தருக்குன்னு போற பாக்கெட்டுக்கு ‘வந்துது’ன்னு பதில் வரும், வரலேன்னா திரும்ப அனுப்பும். மல்டிகாஸ்டுக்கு அந்தப் பதிலே கிடையாது. போனா போச்சு. அதோட எல்லார் காதிலும் விழணும்னு பெரும்பாலும் அடிமட்ட வேகத்தில்தான் அனுப்பும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 எம்பிபிஎஸ், 5-ல் 6. ஒண்ணுல உங்க நாலு எப்படி நுழையும்? ஆறுல நுழையும், ஆனா காத்து நேரத்தில் முக்கால்வாசிக்கு மேல் அதுவே தின்னுடும். கால் இழுக்கிறது இதனாலதான். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (யார் பாக்குறாங்கன்னு கவனிச்சு அவங்களுக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை விடுறது) இல்லாததால யாரும் பாக்காட்டியும் கேமரா படம் வைஃபை முழுக்கக் கொட்டுது.

ஆள் இருந்தா மோசம்னு சொன்னீங்களே, அது நல்ல துப்பு. ஒரு போன் தூங்கினாலும் போதும், அக்சஸ் பாயின்ட் மல்டிகாஸ்ட் மொத்தத்தையும் பிடிச்சு வச்சு, குறிப்பிட்ட பீக்கன் (அக்சஸ் பாயின்ட் அடிக்கடி விடுற ‘நான் இருக்கேன்’ அறிவிப்பு) வந்ததும் மொத்தமா அவிழ்த்து விடும்.

நெட்வொர்க் ஸ்விட்சிலும் (வயரெல்லாம் சேர்ற பெட்டி) அக்சஸ் பாயின்டிலும் ஸ்னூப்பிங் போடுங்க. கூடவே ‘மல்டிகாஸ்ட் டு யூனிகாஸ்ட்’ (பொதுவா போறதை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மாத்தி அனுப்புறது) டிக் இருந்தா அதையும். மூணு டிவிக்கு மூணு தடவை அனுப்பினாலும் லாபம்தான்: ஒவ்வொண்ணும் நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல பறக்கும், பதிலும் வரும். இணைய நெறிமுறைகளை வகுக்கிற ஐஇடிஎஃப் அமைப்பு 2021-ல் இந்தத் தலைவலிக்குன்னே ஆர்எஃப்சி 9119-னு ஒரு ஆவணம் போட்டிருக்கு.

மலைக்காத்து:
அடிமட்ட வேகத்தை 12-க்கு ஏத்தினா போதாதா?

வயர்மேன்_குன்னூர்:
கொஞ்சம் தேறும். ஆனா கடைசி ரூம் போன் கழண்டுடும், பதில் இல்லாத குறையும் அப்படியே இருக்கும்.

கோடநாடு_ரோடு:
அண்ணா, ரெண்டும் போட்டேன். கட்டம் போச்சு, காலும் சரி. ஆனா புதுசா ஒண்ணு: படம் நல்லா ஓடிட்டே இருந்து திடீர்னு உறைஞ்சுடுது. சேனலை மாத்தித் திரும்ப வந்தா ஓடும். ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தேன், 4 நிமிஷம் 20 வினாடி. ரிசப்ஷன் டிவியும் இப்ப அப்படியே நிக்குது!

வயர்மேன்_குன்னூர்:
வயரிலும் நிக்குதுன்னா வைஃபை மேல தப்பில்லை. 260 வினாடி! ‘இன்னும் பாக்குறீங்களா’ன்னு 125 வினாடிக்கு ஒரு தடவை கேக்க ஒருத்தர் வேணும், அவர்தான் குவேரியர். உங்க நெட்வொர்க்கில் கேக்க ஆளே இல்லை. ரெண்டு சுத்து, மேல 10 வினாடி பொறுத்துட்டு ஸ்விட்ச் பாக்குறவங்க பட்டியலில் இருந்து டிவி பேரை அடிச்சுடுது. ஸ்விட்சில் ‘ஐஜிஎம்பி குவேரியர்’ ஆன் பண்ணுங்க.

கோடநாடு_ரோடு:
ஸ்னூப்பிங் பக்கத்துலயே கீழே ஒளிஞ்சிருந்தது. போட்டு ரெண்டு மணி நேரமாச்சு, நிக்கலை. ஆறாம் ரூமில் மட்டும் இன்னும் அப்பப்ப இழுக்குது. அதுக்குக் கல் சுவரைத் துளைச்சுத்தான் வயர் இழுக்கணும், ஆளுக்குச் சொல்லியிருக்கேன். ரொம்ப நன்றிண்ணா.