புதுப்பிப்பு: அதிரும் கடிகாரம் கட்டிய பையன்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் என் தமிழ் வகுப்பில் ஒரு பையன் பாதிப் பாடத்தில் எழுந்து சுற்றுகிறான், அதட்டாமல் என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும் கைக்கடிகாரம் கட்டிவிட்டேன். அதிர்ந்ததும் டேப்லெட்டில் ‘வேலையில் இருந்தேன்’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும்.

முதல் வாரம் எல்லாமே ‘இருந்தேன்’தான். நான் திருத்தவில்லை. 1971இல் ப்ரோடன், ஹால், மிட்ஸ் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி காகிதத்தில் தானே குறித்துத்தான் கவனம் கூட்டினாள். அந்தக் குறிப்பும் துல்லியமில்லை, ஆனாலும் கவனம் கூடியது.

நேற்று அவன் விரல் ‘இருந்தேன்’ மேல் போய் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘இல்லை’யைத் தொட்டான். அப்புறம் தானே பென்சிலை எடுத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடிகாரத்தை ஒரேயடியாகக் கழற்ற மனமில்லை. அடுத்த வாரம் இடைவெளியை 10 நிமிடமாக்குகிறேன்.