ஆசிரியர் பரிமாற்றத்துக்கு அறக்கட்டளைப் பணம்: அரசிடம் பங்கு கேட்கலாமா?

கேள்வி (ஆர்.கே. புரம், தில்லி):
எங்கள் குடும்பத்தின் சிறு அறக்கட்டளை வழியே, தில்லிப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் சிலரை ஆண்டுதோறும் மலேசியாவுக்கு அனுப்பவும், அங்கிருந்து வருபவர்களை நம்மவர் வீடுகளில் தங்கவைக்கவும் எண்ணியிருக்கிறோம். பாதிச் செலவை அரசிடம் கேட்டுப் பெறலாம் என்கிறார், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் அறங்காவலர் ஒருவர். பணம் கொடுப்பவர்கள் ஆளையும் அவர்களே சொல்வார்கள் என்று என் அக்கா மறுக்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கரோல்பாக், தணிக்கையாளர்):
அரசுப் பணத்தை மறுத்தாலும் அரசின் வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த விதியின்படி, அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், அது இந்தியாவுக்கு அக்கறையுள்ள பன்னாட்டு நலனுக்கானது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒப்பினால்தான் வரிவிலக்கு உண்டு. வருகிறவர்களுக்காக இங்கே செய்யும் செலவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் நம்ப வேண்டாம். விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி தவிர, வெளிநாட்டில் நடக்கும் பணிகள் அந்தக் கணக்கில் சேரா.

மறுமொழி 2 (லோதி காலனி):
அக்காவின் அச்சம் நியாயமானதே. ஆனால் தனியார் பெயரில் வரும் பணம் எல்லாம் சுதந்திரமானது என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க தேசிய மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுப் பணிகளுக்கு அறக்கட்டளைகளின் பெயரில் வந்த பணம் அந்நாட்டு உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுடையது என்பது 1967இல்தான் வெளியானது. சங்கத்தில் இருந்தவர்களிலேயே பலருக்கு அதுவரை அது தெரியாது. மாறாக, 1950இல் இந்தியாவுடன் ஒப்பந்தமான, அமெரிக்காவின் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டத்தில், 2008 முதல் இரு அரசுகளும் சமபங்கு தருவதாக ஊரறியச் சொல்லித் தருகின்றன. எனக்கு இரண்டாவதே மேல். தனியார் பணமும் அரசின் கண்ணுக்குத் தப்பாது: நேருவின் அழைப்பில் 1952இல் தில்லிக்கு வந்த அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையையே 2015இல் உள்துறை அமைச்சகம், அது தரும் பணத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்ற பட்டியலில் வைத்து, மறு ஆண்டில்தான் நீக்கியது.

மறுமொழி 3 (மயூர் விஹார்):
தணிக்கையாளர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் செலவுக்கு ஒப்புதல் தருவதும் போகிறவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. நான் உதவிய ஒரு பரிமாற்றத்தில், அரசுப் பங்கு வந்த மறு ஆண்டே விண்ணப்பப் படிவத்தில் 'பரிந்துரைக்கும் அதிகாரியின் பெயரும் பதவியும்' என்று புதிய கட்டம் ஒன்று முளைத்தது. ஆளைத் திணிக்கிறோம் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. அதிகாரியைத் தெரியாதவர்கள் தாமாகவே விண்ணப்பிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகவே அரசிடம் கேட்பதானால் விமானக் கட்டணம் போல ஒரே ஒரு செலவினத்துக்கு மட்டும் கேளுங்கள். தேர்வுக் குழுவை யார் நியமிப்பது என்பதை அதற்கு முன்பே தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. போகிறவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். மலேசிய நண்பர்களின் வீடுகளில் இலவசமாகத் தங்குவார்கள். இதில் தடை உண்டா?

மறுமொழி 1 (கரோல்பாக், தணிக்கையாளர்):
உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் 6ஆம் பிரிவின்படி, வெளிநாட்டவர் தரும் இலவச உணவையும் தங்குமிடத்தையும் ஏற்க அரசு ஊழியர்கள் மத்திய அரசின் முன்அனுமதி பெற வேண்டும். தங்கும் செலவை உங்கள் அறக்கட்டளையே ஏற்றால் இந்தப் பிரிவு குறுக்கே வராது. துறையின் தடையின்மைச் சான்று மட்டும் எப்படியும் வேண்டியிருக்கும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.