கால்வாய்ப் படகோட்டிக் குடும்பம்: ஒரே பெயரில் இருவர், எங்கள் முன்னோர் யார்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மனைவியின் தாய்வழி எள்ளுத் தாத்தா இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் கால்வாய்ச் சரக்குப் படகு ஓட்டியவர். மனைவி மக்களோடு படகிலேயே குடியிருந்தவர். அவர் பிறந்த ஊர் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரான்ஸ்டன் என்றும், 1891இல் தெரியாது என்றும், 1901இல் ஹில்மார்ட்டன் என்றும் பதிவாகியிருக்கிறது. ஏறத்தாழ அதே வயதில், அதே பெயரில் இன்னொரு படகோட்டியும் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் இருந்திருக்கிறார். இணையத்தில் பலர் பகிர்ந்திருக்கும் குடும்ப மரங்கள் சிலவற்றில் ஒரு தந்தையும், வேறு சிலவற்றில் இன்னொரு தந்தையும் காட்டப்படுகின்றனர். திருமணச் சான்றிதழைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பி வாங்கினோம். தந்தை பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடுதான் போடப்பட்டிருக்கிறது.

எங்களிடம் மிஞ்சியிருப்பது என் மாமியார் வைத்திருக்கும் ஒரு பழைய புகைப்படம். படகின் பின்னறைப் பக்கவாட்டில் உரிமையாளர் பெயர் அழிந்துபோயிருந்தாலும், கவென்ட்ரி நகரில் பதிவு செய்யப்பட்டது என்ற வரியும் அதையடுத்து ஓர் எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. மேற்கொண்டு எங்கே தேடுவது என்று வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

வணக்கம் ஐயா. பிறந்த ஊர் மூன்று விதமாக இருப்பதால் ஆட்களும் வேறு வேறு என்று முடிவு கட்ட வேண்டாம். பிரான்ஸ்டனும் ஹில்மார்ட்டனும் அதே ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் சில மைல் இடைவெளியில் அமைந்தவை. ஆனால் முதலாவது நார்தாம்ப்டன்ஷயரையும் இரண்டாவது வாரிக்ஷயரையும் சேர்ந்தது என்பதால், ஒரு கவுண்டியை (நம் மாவட்டம் போன்றது) மட்டும் குறித்துத் தேடுவோர் மற்றதைத் தவறவிடுகிறார்கள். படகில் பிறந்த ஒருவர், தாய் சொல்லக் கேட்ட ஊரையோ, அடிக்கடி படகு நின்ற ஊரையோ சொல்லியிருப்பார்.

கணக்கெடுப்பு இரவில் படகு எங்கே கட்டப்பட்டிருந்ததோ அந்த ஊரின் ஏட்டில்தான் குடும்பம் இடம்பெறும். படகுகளுக்குரிய பக்கங்கள் பெரும்பாலும் அந்தப் பகுதி ஏட்டின் கடைசியில் இருக்கும். ஆகவே பெயரைத் தேடிக் கிடைத்த ஒரு வரியோடு நிறுத்தாமல், படகின் பெயர், உடனிருந்த உதவியாள், அருகில் நின்ற படகுகளில் இருந்தோர் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1841 கணக்கெடுப்பில் படகுகளில் உறங்கியோர் பெயர்வாரியாக எழுதப்படவில்லை என்பதால், அந்த ஆண்டில் குடும்பம் கிடைக்காவிட்டால் வியப்பதற்கில்லை.

பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கினாலும், பதியத் தவறும் பெற்றோருக்குத் தண்டம் என்ற நிலை 1875இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த படகுக் குழந்தைகள் பலருக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடே துணை. படகு ஓர் ஊரில் தங்க நேர்ந்தபோது வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெறுவதும் உண்டு. அந்த ஒரே பக்கம் உடன்பிறந்தோர் அனைவரையும் நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுமொழி 2

அந்தப் புகைப்படத்தில் உள்ள எண் உங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. கோல்வில் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், படகுக் குழந்தைகளின் நிலை கண்டு கொதித்து நடத்திய இயக்கத்தின் விளைவாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. 1884இல் அது மேலும் இறுக்கப்பட்டது. மக்கள் குடியிருக்கும் படகுகளை உள்ளாட்சி அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவான ஊரையும் எண்ணையும் படகின் மீதே எழுத வேண்டும் என்பது விதி. நிறுவனங்கள் தம் படகுகளுக்கு இட்ட வரிசை எண்ணும், சுங்கம் வசூலிப்பதற்காகப் படகின் சுமையளவைக் கணித்தபோது கொடுக்கப்பட்ட எண்ணும் வேறு; அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதிவேட்டில் உரிமையாளர் பெயர், படகுத் தலைவர் பெயர், வழக்கமான தடம், ஏற்றும் சரக்கு, அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்பவை இருக்கும். கவென்ட்ரியின் ஆவணக் காப்பகத்திற்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லா ஊர்களின் பதிவேடுகளும் இன்று முழுமையாக எஞ்சவில்லை. ஆயினும் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். பதிவேடு கிடைக்காவிட்டால் படகு ஆய்வாளரின் குறிப்பேடுகளையும் கேளுங்கள். அறையில் அளவுக்கு மீறிப் பிள்ளைகள் இருந்தால் தலைவரின் பெயரோடு அதில் எழுதியிருப்பார்கள். பள்ளிக் கல்வியைப் பொறுத்தவரை, படகு எந்த ஊருக்குரியதாகப் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரிலேயே பிள்ளைகள் வசிப்பதாகச் சட்டம் கருதியதால், அங்குள்ள பள்ளிக் குறிப்பேடுகளும் பார்க்கத்தக்கவை.

இன்னொரு தலைமுறை மேலே போக, 1795ஆம் ஆண்டுச் சட்டப்படி 13 டன்னுக்கு மேற்பட்ட படகுகளைக் கவுண்டி நீதிமன்ற எழுத்தரிடம் பதிவு செய்த ஏடுகள் சில கவுண்டிகளில் எஞ்சியுள்ளன.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கவென்ட்ரிக்கு எழுதவிருக்கிறேன். ஒரு சந்தேகம்: மாமியாரின் மரபணுச் சோதனையில் அந்த இரண்டு தந்தையரின் வழித்தோன்றல்களும் உறவினராகக் காட்டப்படுகிறார்கள். இதை வைத்து முடிவெடுக்கலாமா?

மறுமொழி 3

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. படகுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. ஒரே பெயருடைய அந்தப் படகோட்டிகள் இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்களாக இருந்தால், மாமியார் இரு கிளைகளுக்குமே உறவுதான். பல வழிகளில் உறவு இருப்பதால் சென்டிமார்கன் அளவும் (இருவர் எவ்வளவு மரபணுவைப் பகிர்கிறார்கள் என்று காட்டும் அலகு) உண்மையான நெருக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். மாமியாரின் தாய்வழியில் அவர் தலைமுறையினரோ மூத்தவர்களோ இருந்தால் அவர்களையும் சோதிக்கச் சொல்லி, எள்ளுத் தாத்தாவின் மனைவி வழி உறவுகளை முதலில் பிரித்தெடுத்த பிறகு மிச்சத்தைப் பாருங்கள்.

என் கருத்தில் உங்கள் சிக்கலைத் தீர்க்கப்போவது அதே பெயருடைய அந்த இன்னொரு படகோட்டிதான். அவரது மணம், பிள்ளைகள், இறப்பு அனைத்தையும் உங்கள் முன்னோருக்கு எடுத்துக்கொள்ளும் அதே அக்கறையோடு தேடுங்கள். ஒரே கணக்கெடுப்பில் இருவரும் வெவ்வேறு படகுகளில் வெவ்வேறு மனைவியரோடு இருப்பதை 1881, 1891, 1901 மூன்றிலும் காட்டிவிட்டால், ஞானஸ்நானங்களும் தாமாகவே இரண்டாகப் பிரியத் தொடங்கும். இங்கிலாந்துப் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையப் பிறப்பு அட்டவணை 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரைத் தருகிறது. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் குடும்பப் பெயரின் எழுத்து மாறினாலும், தாயின் பெயர் பிள்ளைகளைச் சேர்த்துக் காட்டும்.

திருமணச் சான்றிதழில் சாட்சிகளாகக் கைநாட்டாகப் பெருக்கல் குறி இட்டவர்கள் யார் என்றும் பாருங்கள். படகுத் திருமணங்களில் அது பெரும்பாலும் அண்ணனோ, அக்காவின் கணவரோதான். குடும்ப மரம் பகிர்ந்தவர்களுக்கு, அவர்கள் தவறு என்று சொல்லாமல், தந்தையின் பெயரை எந்த ஆவணத்திலிருந்து எடுத்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். பலர் ஒருவரிடமிருந்து ஒருவர் படியெடுத்திருப்பார்கள். ஆனால் அவர்களுள் யாரேனும் ஒருவர் வீட்டில் ஒரு கடிதமோ, குடும்ப விவிலியத்தின் முதற்பக்கமோ இருக்கலாம். சாட்சிகளின் பெயர்களை இங்கே எழுதினால், என்னிடமுள்ள ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க் குறிப்புகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.