எம்.ஏ. ப்ராஜெக்ட்: தோடியை எப்படிச் சுருக்குவது?

இடைச்சுருதி:
எம்.ஏ. இசை கடைசி செமஸ்டர், வாய்ப்பாட்டு. 16 வாரத்துல ஒரு ப்ராஜெக்ட், 50 பக்கம் எழுதி, அரை மணி நேரம் பாடியும் காட்டணும். "தோடி ராகத்தின் பரிணாம வளர்ச்சி"ன்னு எழுதிக் கொடுத்தேன். கைடு படிச்சிட்டு, "இதுக்கு ஒரு ஆயுசு வேணும்"னு திருப்பிக் கொடுத்துட்டார். பழைய இசைத்தட்டுலேர்ந்து இப்ப உள்ள கச்சேரி வரைக்கும் 22 ஆலாபனை (பாட்டு, தாளம் இல்லாம ராகத்தை விரிச்சுப் பாடறது) சேர்த்து வச்சிருக்கேன். எல்லாத்துலயும் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை மட்டும் மென்பொருள்ல கிராஃப் போட்டு ஒப்பிட்டா போதுமா?

கீழ்ஸ்தாயி:
போதாதும்மா. நான் பட்ட பாட்டைச் சொல்றேன். என்னோடது பேகடா ராகத்தோட மத்யமம், அதாவது 'ம' ஸ்வரம். ரெண்டு மாசம் உட்கார்ந்து கச்சேரிப் பதிவுகளை ப்ராட்ங்கிற மென்பொருள்ல போட்டு, ஸ்ருதி ஏறி இறங்கறதைக் கோடா காட்டற 61 படம் எடுத்தேன். கலர்ல அச்சடிச்சு பைண்டிங் வேற. வைவாவுக்கு வந்தவர் ஒரு பக்கத்தைப் பிரிச்சு, "இந்தக் கோட்டைப் பாடுங்க"ன்னார். பாடினேன். "இப்ப பதிவைப் போடுங்க." போட்டேன். கோடு மேல ஏறுற இடத்துல பாடகர் மூச்சு வாங்கிட்டிருக்கார். அது வயலினோட கோடு! மீதி 60 படத்துல எத்தனை வயலின்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

இன்னொண்ணு, ஆலாபனையை ஆலாபனையோட எப்படி ஒப்பிடுவே? ஒருத்தர் பாடின பிடி (சின்ன ஸ்வரத் தொடர்) இன்னொருத்தர்கிட்ட இருக்கவே இருக்காது. எல்லாரும் ஒரே இடத்துல ஒரே காந்தாரத்தைப் பாடணும்னா, ஸ்வரமெல்லாம் முன்கூட்டியே அமைச்ச உருப்படியான வர்ணத்துக்குப் போ. தோடி ஆதி தாள வர்ணம் ஒண்ணு, அதுல பல்லவி மட்டும். அதையே ரெண்டு காலத்துலயும், அதாவது ஒரு தடவை நிதானமா, ஒரு தடவை இரட்டை வேகத்துல பாடுவோம் இல்லையா? முதல் காலத்துல ரி-க்கும் ம-வுக்கும் நடுவுல ஆற அமர ஆடற காந்தாரம், ரெண்டாம் காலத்துல நேரம் பாதியானதும் என்ன பண்ணுது? வேகமா ஆடுதா, ஆட்டத்தையே குறைச்சுக்குதா? இந்த ஒரு கேள்வி போதும், 50 பக்கம் வரும்.

நாலு பேரை நீயே பாட வச்சுப் பதிவு பண்ணு. பக்கவாத்தியம் வேண்டாம். தம்புரா அவங்க ஹெட்ஃபோன்ல மட்டும் ஓடட்டும், மைக்குல விழக்கூடாது. எதுக்காகப் பதிவு பண்றேன்னு சொல்லி எழுத்துல சம்மதம் வாங்கிக்கோ. அஞ்சாவது குரல் உன்னோடது, அதையே பாடிக் காட்டவும் வச்சுக்கலாம்.

முள்ளும்தட்டும்:
ஒலிப்பதிவுப் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை. பழைய தட்டு எல்லாமே நிமிஷத்துக்குச் சரியா 78 சுற்றுலயே பதிவானதுன்னு சொல்ல முடியாது. 74-ல பதிஞ்சதை 78-ல ஓட்டினா ஸ்ருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறிடும். ஸா-வுக்கும் கா-வுக்கும் உள்ள தூரம் மாறாதுன்னு தைரியமா இருப்பீங்க, ஆனா அசைவோட வேகமும் சேர்ந்து ஏறியிருக்கும். நீங்க அளக்கப் போறதே அதைத்தானே? தட்டுக்கு ஒரு பக்கத்துல மூணு நிமிஷம் சொச்சம்தான், அதனால ஆலாபனையும் அவசரமாத்தான் இருக்கும். கேட்டு ரசிங்க, அளக்காதீங்க.

அஞ்சு பேருக்கும் கட்டை (பாடற ஆதார ஸ்ருதி) வேற வேறயா இருக்கும். அதனால ஹெர்ட்ஸ்ல எழுதாதீங்க. அவங்கவங்க ஸா-வை சைபரா வச்சு சென்ட்ங்கிற ஸ்வர இடைவெளி அளவுல எழுதுங்க, ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். கோடு திடீர்னு ஒரு ஸ்தாயி கீழ குதிச்சா பாடகரைச் சந்தேகப்படாதீங்க, மென்பொருள் தடுமாறியிருக்கும்.

இடைச்சுருதி:
கைடு ஒத்துக்கிட்டார்! 22 ஆலாபனையையும் மூட்டை கட்டிட்டேன், மனசு கேக்கலைதான். நேத்து ராத்திரி என்னையே பதிவு பண்ணிப் பார்த்தேன் அக்கா. ஒரே காந்தாரம், முதல் காலத்துல மூணு அசைவு. ரெண்டாம் காலத்துல ரெண்டுன்னுதான் நினைச்சுப் பாடினேன், கேக்கும்போதும் ரெண்டுதான் கேக்குது. கிராஃப்ல ஒண்ணுதான் இருக்கு. எதை எழுதறது?

கீழ்ஸ்தாயி:
ரெண்டையும்தான். ஆனா முதல்ல இன்னும் பத்து தடவை பாடிப் பதிவு பண்ணு, ஒரு தடவையை நம்பாதே. மத்த நாலு பேர்கிட்டயும் எத்தனை அசைவு பாடினாங்கன்னு கேட்டு எழுதிக்கோ, கிராஃபைக் காட்டறதுக்கு முன்னாடியே.