இறால் ஒவ்வாதவர் சுவர்க்கோழி மாவு சேர்த்த பிஸ்கட்டை உண்ணலாமா?

ஜூரோங் வாசகி:
வணக்கம். சிங்கப்பூர் உணவு அமைப்பு 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்தது நினைவிருக்கும். சென்ற வாரம் என் மகனின் வகுப்புத் தோழன் சுவர்க்கோழி மாவு சேர்த்த பிஸ்கட்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, இவனுக்கும் பிட்டுக் கொடுத்திருக்கிறான். நல்லவேளையாக இவன் உண்ணவில்லை. பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்த்த சம்பால் பட்டாலே இவனுக்கு உதடு தடித்துவிடும். அரசு ஆராய்ந்து அனுமதித்த பொருள்தானே என்று கொடுக்கலாமா?

ஆய்வகத்தான்:
கொடுக்க வேண்டாம், அம்மா. இறாலும் சுவர்க்கோழியும் கணுக்காலிகள், அதாவது மூட்டுள்ள கால்களைக் கொண்ட ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. இறால் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணமான டிரோபோமயோசின் என்னும் தசைப்புரதம் பூச்சிகளிடத்தும் ஏறத்தாழ அதே அமைப்பில் இருப்பதால், இறாலை எதிர்க்கப் பழகிய உடல் பூச்சியையும் எதிர்க்கக்கூடும். அப்புரதம் வெப்பத்தைத் தாங்குவது. வறுத்தாலும் சுட்டாலும் ஆபத்து நீங்கிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மாவுப்புழு என்னும் வண்டுப்புழுவை அனுமதித்தபோதே, இறால், நண்டு வகைகளும், வீட்டுத் தூசியில் வாழும் மிகச் சிறிய உயிரியான தூசு உண்ணியும் ஒவ்வாதவர்களுக்கான எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்று விதித்தது. அனுமதி என்பது எல்லா உடலுக்கும் பொருந்தும் என்ற சான்று அன்று.

பழைய தஞ்சாவூர்க்காரர்:
மழைக்காலத்தில் ஈசல் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து தின்று வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் எவருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை. இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று விளங்கவில்லை.

ஆய்வகத்தான்:
ஐயா, ஈசலின் சுவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்தப் 16இல் இல்லை. வெளியில் பிடித்த பூச்சி எந்த வயலில் எந்த மருந்தைத் தின்றது என்று எவராலும் சொல்ல இயலாது. அதனால்தான், முறைப்படுத்தப்பட்ட பண்ணையில் வளர்ந்தது என்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஆவணம் கேட்கிறது. தீவனமும் முக்கியம்: கோதுமைத் தவிடு தின்ற புழுவின் குடலில், சிலருக்கு ஒவ்வாத கோதுமைப் புரதமான குளுட்டன் தங்கியிருக்கலாம். கொல்லும் முன் குறைந்தது 24 மணி நேரம் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்வதும் குடலில் தங்கியதைக் கழிப்பதற்கே.

ஜூரோங் வாசகி:
மிக்க நன்றி. உறையில் எச்சரிக்கை இருந்தாலும், பாதி பிஸ்கட்டைக் கையில் வாங்குகிற பிள்ளைக்கு அந்த உறை வந்து சேருவதில்லையே! வகுப்பாசிரியருக்கு இன்றே எழுதுகிறேன். இவனுக்குத் தூசியாலும் தும்மல் உண்டு. அதையும் அடுத்த முறை ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டுவிடுகிறேன்.