மறுமொழி: ‘நேரச் சமன்பாடு’ வேண்டாம், ‘பொழுதுவிலகல்’ என்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். வானியலில் ‘equation of time’ எனப்படுவதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> ‘நேரச் சமன்பாடு’ என்று பலரும் எழுதுகிறார்களே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் எக்ஸ், ஒய் எழுதத் தயாராகிவிடுகிறார்கள். இங்கே தீர்க்க வேண்டிய சமன்பாடு எதுவும் இல்லை. நாம் காணும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்துக்கும், ஆண்டு முழுக்கச் சீராக ஓடுவதாக வைத்துக்கொண்ட கணக்குச் சூரியன் வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான்.

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் நான் பாடம் நடத்தும் பள்ளியின் மொட்டைமாடியில், பலகை நடுவே ஓர் ஆணியைச் செங்குத்தாக அடித்து வைத்திருக்கிறோம். முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல் ஒரே நீளத்தில் நிற்கும் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றைக் கொண்டு தென்வடல் கோடு இழுக்கவேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்குக் கோடு கிடைக்காது. கிடைத்த பிறகு, நிழல் அந்தக் கோட்டில் விழும் நேரத்தைப் பிள்ளைகளே செல்போனில் பார்த்துக் குறிக்கிறார்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அது 12:35-ஐ நெருங்கும். நவம்பர் தொடக்கத்தில் 12:04-க்கே விழுந்துவிடும்.

இதில் 20 நிமிடம் ஊரின் இருப்பிடத்தால் வருவது. நாட்டின் கடிகாரம் 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கைப் (தீர்க்கக்கோட்டை) பின்பற்றுகிறது, இந்த மலை அதற்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே. அது என்றும் மாறாது. மீதி, அதாவது பிப்ரவரியில் 14 நிமிடம் பின்னே, நவம்பரில் 16 நிமிடம் முன்னே என்று ஆடுவதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

ஆட்டத்துக்குக் காரணம் இரண்டு. புவியின் பாதை நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் இருப்பதால் நொடிக்கு 30.3 கி.மீ. வேகம், ஜூலையில் 29.3 தான். மார்கழி 29, 30 நாளில் முடிந்துவிடுவதும் ஆனி 32 நாள் வரை நீள்வதும் இதனால்தான். இரண்டாவது, அச்சின் 23.4 பாகைச் சாய்வு. இதன் பங்குதான் பெரிது.

> பஞ்சாங்கத்தில் ‘வேலாந்தரம்’ உண்டு. அதையே எடுக்கலாம்.

இதே வித்தியாசத்தைக் குறிக்கும் மதிப்புக்குரிய சொல்தான். சித்தாந்தங்கள் எனப்படும் பழைய வானியல் நூல்கள் இன்னும் நுட்பமாக, நீள்வட்டத்தால் வரும் பங்கைப் புஜாந்தரம் என்றும் சாய்வால் வரும் பங்கை உதயாந்தரம் என்றும் பிரித்தே வைத்திருந்தன. வரலாற்றுக் குறிப்பில் இவை அவசியம் இடம்பெறட்டும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேலாந்தரத்தைப் பிரித்துப் பொருள் காண வழியில்லை.

‘பொழுது’ அப்படியல்ல. பொழுது கிளம்பிற்று, பொழுது சாய்ந்தது என்னும்போது அது சூரியன். பொழுது போகவில்லை என்றால் அது நேரம். அதற்கும் மேல், நாளின் பகுதிகளைச் சிறுபொழுது என்றும் பருவங்களைப் பெரும்பொழுது என்றும் நெடுங்காலமாகவே சொல்லி வருகிறோம். தற்சுழற்சி தருவது முன்னது, சுற்றுப்பாதை தருவது பின்னது. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு வித்தியாசத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ‘விலகல்’ புள்ளியியலில் வரும் திட்டவிலகல் மூலம் ஏற்கெனவே பழகியது. முன்விலகல் (சூரியன் முந்துவது), பின்விலகல் (பிந்துவது) என்று குறியையும் சொல்லிவிடலாம்.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: “பொங்கல் முடிஞ்சும் பொழுது கிளம்ப இவ்வளவு நேரமாகுதே, பகல் நீளுதுன்னு சொன்னீங்க?” பகல் நீள்வது உண்மைதான். டிசம்பர் 21-ஐ ஒட்டியே மிகக் குறுகிய பகல் கடந்துவிடுகிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல் மெல்லத்தான் நீளும். அதைவிட வேகமாகப் பின்விலகல் ஏறுகிறது. அதனால் ஜனவரி மூன்றாம் வாரத்தில் உதயம் டிசம்பர் 21-ஐ விடச் சுமார் 10 நிமிடம் தாமதம். பின்விலகல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒரே மூச்சில் விளக்க முடிகிறது.

அப்புறம், சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா? நான் சேர்த்து எழுதும் பக்கம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்து, ஆண்டு முழுக்க ஒரே கடிகார நேரத்தில் ஆணி நுனியின் நிழலைக் குறித்தால் வரும் எட்டு வடிவத்துக்கும் ஒரு பெயர் வேண்டும்.