ஏற்காடு இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது

வண்டி 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆட்டோமேட்டிக் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஞாயிறு காலையில் ஏற்காடு போய்வரத்தான் அதை வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு, சேலத்தில் முன்பக்கம் ஸ்லாட்டட் (கோடு வெட்டிய) டிஸ்க்கும், அதை அழுத்திப் பிடிக்க அதிக வெப்பம் தாங்கும் பேடும் போட்டேன். பிரேக் ஆயிலும் புது டாட் 4.

ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதிக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் ஸ்டீயரிங் கையில் உதறுகிறது, பெடலிலும் துடிப்பு. அடிவாரத்தில் சற்று ஆறவிட்டால் குறைகிறது. இறக்கம் முழுக்க மேனுவல் மோடில் இரண்டாவது கியர்தான், பிரேக்கை மிதித்தபடியே வருவதில்லை.

வீல் பேலன்சிங், அலைன்மென்ட் முடிந்தது. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டரில் முடுக்கியாயிற்று. டயல் கேஜ் (கோணல் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் டிஸ்க் கோணல் பெரிதாக இல்லை. பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்னும் (pin) தடையில்லாமல் நகர்கிறது. அப்புறம் பைபாஸில் பலமுறை பிரேக் பிடித்து, பேடை டிஸ்க்கோடு பழக்கியும் பார்த்தேன், பலனில்லை. டிஸ்க்கில் கருநீலத் திட்டுகள் தெரிகின்றன. சூட்டில் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிய தடம் என்றே நினைக்கிறேன்.

மலை இறக்கத்தில் இதே தொல்லையைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: டிஸ்க்கை லேத்தில் கொடுத்து லேசாகச் சீவினால் போதுமா, பேடையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?